சிவப்புக் கோட்டுக்கு வெளியே

அந்தக் குழந்தைகள் காப்பகத்தில் அவளுக்கு சுங்கச்சாவடி என்று பெயர். பெற்றோர்கள் வைத்தது. முகத்துக்கு நேரே யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் காலை எட்டு மணிக்கு வாசலில் வரிசை நிற்கும்போது, "இன்னைக்கு சுங்கச்சாவடி எந்த மூடுல இருக்கு?" என்று பின்னால் நிற்பவர் முன்னால் நிற்பவரைக் கேட்பது அவள் காதில் விழாமல் இருக்காது. விழுந்தாலும் கோபம் வராது. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

வாசலுக்கு வெளியே தரையில் ஒரு சிவப்புக் கோடு உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே முட்டி போட்டு உட்கார்ந்து அடித்த கோடு. பெற்றோர்கள் அதற்கு வெளியே நிற்கவேண்டும். அவள் உள்ளே ஒரு முக்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொரு குழந்தையாக வாங்கி, சட்டையைத் தூக்கி வயிற்றையும் முதுகையும் பார்ப்பாள். காதுக்குப் பின்னால், உள்ளங்கை, நாக்கு எல்லாவற்றிலும் பென்சில் டார்ச் வெளிச்சம் விழும். எல்லாம் சரி என்றால் நோட்டில் பெயருக்கு நேரே ஒரு டிக். சரியில்லை என்றால் குழந்தை வந்த வழியே போகவேண்டும். கெஞ்சினாலும் கொஞ்சினாலும் அவளிடம் நடக்காது.

அதிலும் வேர்க்குரு என்ற வார்த்தையைக் கேட்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். உலகத்தில் இருக்கிற அத்தனை பெற்றோர்களுக்கும் தெரிந்த ஒரே தோல் வியாதி அதுதான் என்பாள். போன வாரம்கூட ஒரு பஸ் டிரைவர் மாட்டிக்கொண்டார். யூனிஃபார்மோடு வந்திருந்தார். பையன் முதுகில் நாலைந்து சிவப்புப் புள்ளிகள்.

"வேர்க்குருங்க அது."

"எல்லாருக்கும் முதல்ல வேர்க்குருதான் சார். ரெண்டு நாள் கழிச்சு அதுல தண்ணி கோத்துக்கும். டாக்டர்கிட்ட காட்டி எழுதி வாங்கிட்டு வாங்க."

"இன்னைக்கு மட்டும் விட்டுருங்க. எனக்குப் பதில் வண்டி எடுக்க ஆளே கிடையாது."

"அது உங்க கஷ்டம் சார். உள்ள பதினாலு குழந்தைங்க இருக்கு. அது என் கஷ்டம்."

வரிசையில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அந்த மனிதர் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிப் போனார். மறுநாள் டாக்டரின் சீட்டோடு வந்தார். கொசுக்கடியாம். அவள் சீட்டை வாங்கி நோட்டில் ஒட்டினாள். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை. அவர் ஓட்டுகிற பஸ் அவள் வீட்டுத் தெரு வழியாகத்தான் போகும். அதற்குப் பிறகும் அவளைப் பார்த்தால் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்துக் கும்பிடுவார். பாவம், நல்ல மனிதர்.

இதெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், திங்கட்கிழமை அவள் செய்த காரியத்தைத் தெரியாமல் செய்துவிட்டாள் என்று யாரும் பரிதாபப்பட வேண்டாம் என்பதற்காகத்தான்.

அன்று காலை ஆறரை மணிக்கு மகளுக்குச் சட்டை மாற்றும்போது அவள் பார்த்தாள். மகளுக்குப் பத்து மாதம். கன்னம், கை, கால் எல்லாம் ஒரே வடிவமாக இருந்ததால் வீட்டில் அதற்கு உருண்டை என்று பெயர். உருண்டையின் தொப்புளுக்குப் பக்கத்தில் இரண்டு சிவப்புப் புள்ளிகள். அக்குளுக்குக் கீழே ஒன்று. அந்த மூன்றாவதின் நடுவில், உற்றுப் பார்த்தால் தெரிகிற அளவுக்கு, ஊசி முனையில் நிற்கிற மாதிரி துளித் தண்ணீர்.

பென்சில் டார்ச் கைப்பையில்தான் இருந்தது. அவள் எடுக்கவில்லை. எடுத்து அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

"வேர்க்குரு," என்று வாய்விட்டே சொன்னாள். சொல்லும்போது யாராவது கேட்டுவிடப்போகிறார்கள் என்பதுபோல் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே அவள் கணவன் டப்பாவில் சாப்பாட்டை அடைத்துக்கொண்டிருந்தான். லிஃப்ட் மெக்கானிக். அவனுக்குக் குழந்தையின் முதுகும் ஒன்றுதான், வயிறும் ஒன்றுதான்.

அன்று காப்பகத்துக்கு அதிகாரிகள் சோதனைக்கு வருகிற நாள். அதுமட்டுமல்ல. ஊருக்கு மறுபக்கத்தில் இரண்டாவது காப்பகம் திறக்கப்போகிறார்கள். அதற்கு யாரைப் பொறுப்பாகப் போடுவது என்று காப்பகத்தை நடத்துகிற பெரிய மேடம் மனதில் ஒரு கணக்கு போட்டிருந்தார். "திங்கக்கிழமை நல்லபடியா முடியட்டும், அப்புறம் உன்கிட்ட ஒரு விஷயம் பேசணும்," என்று சனிக்கிழமையே சொல்லியிருந்தார். ஐந்து வருடமாக முக்காலியில் உட்கார்ந்தவளுக்கு ஒரு நாற்காலி கண்ணுக்குத் தெரிந்தது. அதற்கும் அவளுக்கும் நடுவில் மூன்று புள்ளிகள்.

முழுக்கைச் சட்டை ஒன்றைத் தேடி எடுத்துப் போட்டாள். கழுத்துவரை பட்டன். கிளம்பிவிட்டாள்.

வேலை செய்கிறவர்கள் பக்கவாட்டுக் கதவு வழியாக முன்னதாகவே வந்துவிடுவார்கள். அவர்களுடைய குழந்தைகள் சிவப்புக் கோட்டைப் பார்த்ததே இல்லை. அவள் குழந்தையை அவளே பார்த்துக்கொள்வாள் என்று ஒரு நம்பிக்கை. பார்க்கிறவளை யார் பார்ப்பது? அவள் உருண்டையைத் தூக்கிக்கொண்டு நேராகக் கைக்குழந்தைகள் அறைக்குப் போனாள்.

அந்த அறை சிட்டுவின் பொறுப்பில் இருந்தது. அதுவும் பட்டப்பெயர்தான். இருபத்து நாலு வயது. ஒரு இடத்தில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. ஒரு குழந்தைக்குப் பால் புகட்டிக்கொண்டே இன்னொன்றின் தொட்டிலைக் காலால் ஆட்டுவாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து வாய்க்கு வாய் அக்கா. "அக்கா, இத பாருங்க," "அக்கா, இது சரியா," "அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்."

இரண்டு வாரத்துக்கு முன்னால் டயப்பர் அடுக்கி வைக்கிற அறையில் கதவைச் சாத்திவிட்டு சிட்டு அவளிடம் ஒரு விஷயம் சொன்னாள். மூன்று மாதம். இதற்கு முன்னால் இரண்டு முறை தங்கவில்லை. "நாலு மாசம் தாண்டினப்புறம்தான் எங்கம்மாகிட்டயே சொல்லப்போறேன்க்கா. அவருக்கும் உங்களுக்கும் மட்டும்தான் தெரியும். நீங்க கூட இருக்கீங்கன்னுதான் தைரியமா வேலைக்கு வர்றேன். ஏதாச்சும் ஒண்ணு உள்ள வந்தா உங்க கண்ணுல படாமப் போகாது."

அன்று அவள் சிட்டுவின் தலையைத் தடவிக்கொடுத்து, "நான் பாத்துக்கறேன்," என்றாள். அப்படியே சொன்னாள், அதே வார்த்தையில்.

திங்கட்கிழமை காலை உருண்டையைச் சிட்டுவின் கையில் கொடுக்கும்போது அவள் கை ஒரு நொடி தயங்கியது. அது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மறந்துபோனாலாவது கொஞ்சம் நிம்மதி. உருண்டை பாய்ந்து சிட்டுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டது.

"என்னக்கா இந்த வெயில்ல முழுக்கைச் சட்டை?"

"கொஞ்சம் சளி இருக்கிற மாதிரி இருந்துச்சு."

பிறகு வாசலுக்குப் போய், முக்காலியில் உட்கார்ந்து, பதினாலு குழந்தைகளின் சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். பதினாலு டிக். பதினைந்தாவதாக மகளின் பெயருக்கு நேரே இன்னொன்று.

சோதனை பிரமாதமாக முடிந்தது. வந்த அதிகாரி அம்மாள் பால் புட்டியிலிருந்து கழிப்பறைவரை எல்லாவற்றையும் மோந்து பார்க்காத குறைதான். கடைசியில் நோட்டை எடுத்தார். அன்றைய பக்கத்தைத் திறந்து விரலால் வரிசையாகத் தடவிக்கொண்டே வந்து, "எத்தனையோ இடம் பாத்திருக்கேன். இவ்வளவு சுத்தமா எழுதின நோட்டைப் பாத்ததில்ல," என்றார். விரல் நின்ற இடம் பதினைந்தாவது டிக். பெரிய மேடத்துக்கு முகமெல்லாம் பல். அவளுக்கு மட்டும் அந்த விரல் எப்போது அங்கிருந்து நகரும் என்று இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினால் மூன்று, முப்பதாகியிருந்தது. உடம்பு கொதித்தது.

மறுநாள் காலை டாக்டர் பார்த்த மாத்திரத்தில் சின்னம்மை என்றார். தடுப்பூசிக்கு இன்னும் வயது வரவில்லை, யார் மேலும் தப்பில்லை என்றும் சொன்னார். காய்ச்சலுக்குச் சொட்டு மருந்து, அரிப்புக்குப் பூச ஒரு ரோஸ் நிறத் திரவம், கொப்புளமெல்லாம் காய்ந்து பொருக்காகும்வரை வெளியே கொண்டுபோகக் கூடாது. எழுதிக்கொண்டே கேட்டார்.

"வீட்டுலயோ வேலை செய்யற இடத்துலயோ மாசமா இருக்கிறவங்க யாராவது குழந்தைகிட்ட இருந்தாங்களா?"

கணவன் பக்கத்திலேயே நின்றான். அவள் வாய் திறந்தது. "இல்ல டாக்டர்."

"இருந்தா உடனே சொல்லணும். ஏற்கனவே அம்மை வராதவங்களா இருந்தா வயித்துல இருக்கிற பிள்ளைக்கு ஆபத்து. ரத்தம் பாத்து ஊசி போடலாம். நாலஞ்சு நாளுக்குள்ள போட்டா நல்லது. நாள் போகப்போகப் பலன் குறைஞ்சுரும்."

அவள் தலையாட்டினாள். வெளியே வந்து பெரிய மேடத்துக்குப் போன் செய்து, குழந்தைக்கு வயிறு சரியில்லை, ஒரு வாரம் வரமுடியாது என்றாள். நேற்றுதானே வந்தாய், நேற்றுக் காலையில் நீ பார்க்கவில்லையா என்று ஒரு கேள்வி வருமே, அந்தக் கேள்விக்குப் பயந்துதான். சாயங்காலம்தான் தெரிந்தது என்று சொல்லியிருக்கலாம். அதையாவது சொல்லியிருக்கலாம். அம்மை என்று சொல்லியிருந்தால் போதும், சிட்டு தானே ஓடியிருப்பாள். ஆனால் முதல் பொய் வாயிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு மணி நேரமும், இப்போது சொன்னால் ஏன் அப்போது சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று ஆனது.

மூன்று நாள் அவள் அந்த ஒற்றை அறையை விட்டு நகரவில்லை. உருண்டையின் நகங்களை ஒட்ட வெட்டினாள். கையில் காலுறையை மாட்டிவிட்டாள். அது காலுறையை வாயில் கவ்வி இழுத்துவிட்டுச் சிரித்தது. வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டி, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, பஞ்சை நனைத்து ஒவ்வொரு கொப்புளமாக ரோஸ் மருந்து வைத்தாள். டயப்பர் போடுகிற இடத்தில்தான் அதிகம். அதைக் கழற்றிவிட்டு மெல்லிய துணியைப் போட்டு, அரைமணிக்கு ஒருமுறை மாற்றினாள். வாய்க்குள்ளும் இரண்டு இருந்ததால் பால் குடிக்க அழுதது. பாலை ஆறவைத்துக் கரண்டி கரண்டியாக ஊற்றினாள்.

இதில் ஒரு கொடுமை என்னவென்றால், அவள் இதையெல்லாம் மிக நன்றாகச் செய்தாள். இப்படியொரு தாய் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று கணவன் நினைத்தான், ஒரு தரம் வாய்விட்டுச் சொல்லவும் செய்தான். உருண்டையோ உடம்பெல்லாம் ரோஸ் பொட்டு வைத்துக்கொண்டு, அம்மா பஞ்சோடு குனியும்போதெல்லாம் அவள் மூக்கைப் பிடித்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பத்து மாதக் குழந்தையின் முகத்தைப் பார்க்க வெட்கப்படும் நிலைமை எந்தத் தாய்க்கும் வரக்கூடாது.

சிட்டு தினமும் போன் செய்தாள். "உருண்டைக்கு வயிறு எப்படி இருக்குக்கா? நீங்க சாப்பிட்டீங்களா? வாசல்ல என்னைத்தான் உக்கார வெச்சிருக்காங்க. நீங்க பாக்கிற மாதிரியே பாக்கறேன். காதுக்குப் பின்னாடிகூட விடறதில்ல." ஒவ்வொரு முறையும் போனைக் கையில் வைத்துக்கொண்டு, இதோ சொல்லிவிடலாம் என்று அவள் நாக்கை நனைத்துக்கொள்வாள். "சரி சிட்டு, குழந்தை அழுவுது," என்று வைத்துவிடுவாள். செவ்வாய் போனது. புதன் போனது. வியாழன் விடிந்தபோது, டாக்டர் சொன்ன நாலு நாள் என்பது இன்றைக்கா நாளைக்கா என்று விரல்விட்டு எண்ணினாள். எப்படி எண்ணினாலும் நீளவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் கதவைத் தட்டும் சத்தம். திறந்தால் சிட்டு. கையில் உருண்டை காப்பகத்தில் கடித்துக்கொண்டே திரியும் ரப்பர் வாத்து.

"இது இல்லாமத் தூங்காதேன்னு எடுத்துட்டு வந்தேன்க்கா. வெந்நீர்ல கழுவியாச்சு. தள்ளுங்க, ஒரு நிமிஷம் பாத்துட்டுப் போயிடறேன்."

அவள் கதவைப் பாதி சாத்திக்கொண்டு குறுக்கே நின்றாள். "வேண்டாம். உள்ள வராத."

சிட்டுவின் முகம் ஒரு கணம் சுருங்கி, உடனே மலர்ந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எனக்காகத்தானே சொல்றீங்க? வயித்துக்கடுப்பு எனக்கு ஒட்டிக்கும்னு. உங்களை மாதிரி யாரு நினைப்பா? எங்க வீட்டுக்காரர்கிட்டகூடச் சொன்னேன், அக்கா இருக்கிற வரைக்கும் எனக்கு ஒரு பயமும் இல்லன்னு." வாத்தைக் கதவிடுக்கு வழியாக நீட்டினாள். "திங்கக்கிழமை பூரா உருண்டை என்னை விட்டு இறங்கவே இல்லக்கா. மத்தியானம் என் வயித்து மேலயே கவுந்து படுத்து ரெண்டு மணி நேரம் தூங்குச்சு. ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை நடக்குதுன்னு நினைச்சு நான் அசையவே இல்ல."

சிரித்துவிட்டுப் படியில் இறங்கிப் போனாள். வழக்கமாகத் தடதடவென்று இறங்குகிறவள், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக.

அவள் வாத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னால் கணவன் குழந்தையோடு வந்து நின்றது தெரிந்தது.

"அந்தப் பொண்ணு மாசமா இருக்கா?"

"ம்."

"டாக்டர் கேட்டாரே."

அவ்வளவுதான் சொன்னான். கத்தியிருந்தால் அவளும் பதிலுக்குக் கத்தியிருப்பாள், ஒரு சண்டையாகப் போயிருக்கும். அவன் குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, அவளை யாரோ புதிதாகக் குடிவந்தவளைப் பார்ப்பதுபோல் பார்த்தான். அவள் வாத்தைக் கீழே போட்டுவிட்டு, செருப்புகூட மாட்டாமல் படியில் ஓடினாள்.

சிட்டு பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தாள். மூன்று பேர் தள்ளி அவள் நின்றுவிட்டாள். அதற்கு மேல் பக்கத்தில் போகும் துணிவு வரவில்லை. மூன்று நாளாக அம்மைக் குழந்தையைத் தூக்கிய உடம்பு, அதுவும் ஒரு காரணம்.

"என்னக்கா, செருப்பு இல்லாம ஓடி வர்றீங்க?"

"சிட்டு, கிட்ட வராத. அங்கயே நில்லு. வயித்துப்போக்கு இல்ல. அம்மை. உருண்டைக்கு அம்மை போட்டிருக்கு. இன்னைக்கே, இப்பவே டாக்டர்கிட்ட போ. ரத்தம் பாத்து ஊசி போடுவாங்க. உனக்குச் சின்ன வயசுல வந்துருக்கா? ஞாபகம் இருக்கா?"

"தெரியலயே," என்றாள் சிட்டு. அவள் கை தானாக வயிற்றுக்குப் போனது. ஒரு அடி பின்னால் வைத்தாள். பிறகு இன்னொரு அடி. நிறுத்தத்தில் நின்றவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"எப்பக்கா பாத்தீங்க?"

இங்கே, சாயங்காலம் என்று சொல்ல இடம் இருந்தது. யாரும் சாட்சி இல்லை. கண்டுபிடிக்க வழியே இல்லாத பொய். அது நாக்கின் நுனிவரை வந்ததை அவள் உணர்ந்தாள். இப்போதுகூடவா என்று தன்மேலேயே அருவருப்பு வந்தது.

"திங்கக்கிழமை. காலைல."

"எங்கிட்ட குடுக்கிறதுக்கு முன்னாடியா?"

"ஆமா."

சிட்டு திட்டினால் தேவலை என்று அவள் காத்து நின்றாள். முழுக்கைச் சட்டையின் பட்டன்களைச் சிட்டு மனதுக்குள் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பது முகத்திலேயே தெரிந்தது. பஸ் வந்தது. சிட்டு ஏறி, மறுபக்கத்து ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டாள். டிரைவர் அவளைப் பார்த்துவிட்டார். அதே டிரைவர். வெறுங்காலோடு நடுத்தெருவில் நின்றவளுக்கு, ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து வழக்கம்போல் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வண்டியை எடுத்தார். பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் பரவாயில்லை என்று இருந்தது. அது எப்போது கேட்ட நேரத்துக்குப் பிளந்தது?

வீட்டுக்கு வந்து பெரிய மேடத்துக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள். சிட்டுவின் விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. அது சிட்டு சொல்ல வேண்டியது. மேடம், "அந்த நோட்டைத்தான் நான் ஊரெல்லாம் காட்டிட்டு இருந்தேன்," என்றார். இரண்டாவது காப்பகத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை. மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தால் பால் புட்டி கழுவுகிற வேலை இருக்கிறது, வேண்டுமென்றால் செய்யலாம் என்றார். அவள் சரி என்றாள்.

வெள்ளி, சனி இரண்டு நாளும் போன் அடிக்கும்போதெல்லாம் அவள் ஓடிப்போய் எண்ணைப் பார்த்தாள். தானாகப் போன் செய்து கேட்க அவளுக்கு என்ன உரிமை இருக்கிறது? உருண்டைக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. கொப்புளங்கள் வாடிப் பொருக்குத் தட்ட ஆரம்பித்திருந்தன. வாத்தைக் கடித்துக்கொண்டு தரையெல்லாம் தவழ்ந்தது. அதைப் பார்த்துச் சந்தோஷப்பட முடியவில்லை. தன் பிள்ளை தேறிவிட்டது, இன்னொருத்தி பிள்ளைக்கு என்ன பதில் என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சிட்டுவின் எண் வந்தது.

"ரத்தம் பாத்தாங்க. எனக்கு எப்பவோ வந்துட்டுப் போயிருக்காம். உடம்புல எதிர்ப்பு இருக்காம். ஊசிகூட வேண்டாம்னுட்டாங்க. பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதாம்."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "சிட்டு..."

"பாப்பாவுக்குக் காஞ்சிருச்சா?"

"காஞ்சிட்டு வருது. சிட்டு, நான் உன்கிட்ட..."

"சரி. சொல்லணும்னு தோணுச்சு, சொல்லிட்டேன். வெச்சுடறேன்."

நல்ல செய்திதான். கணவனிடம் சொன்னபோது அவன் பெருமூச்சு விட்டு, மூன்று நாளில் முதல்முறையாக அவள் கையிலிருந்து குழந்தையை வாங்கும்போது அவள் முகத்தைப் பார்த்தான். ஆனால் அவளுக்கு ஏதோ குறைந்தது. போனை வைத்துவிட்டு, சோறு வடிக்கும்போது, துணி மடிக்கும்போது, அந்தப் பேச்சைத் திரும்பத் திரும்ப மனதில் ஓட்டிப் பார்த்தாள். இரவு விளக்கை அணைக்கப் போகும்போதுதான் பிடிபட்டது. அத்தனை வார்த்தையில் ஒரு அக்காகூட இல்லை.

அடுத்த வாரக் கடைசியில் இன்னொரு போன் வந்தது. பஸ் டிரைவர். பையனுக்கு உடம்பெல்லாம் போட்டிருக்கிறது, வீட்டில் அவருக்கும் மனைவிக்கும் கை கால் ஓடவில்லை, என்ன செய்யவேண்டும் என்று கேட்டார்.

"சார், என் குழந்தைகிட்ட இருந்துதான் உங்க பையனுக்கு வந்துருக்கும்," என்றாள். "தெரிஞ்சே கூட்டிட்டு வந்தேன்."

"தெரியும்ங்க. மேடம் எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னாங்க." பின்னால் பையன் அழுவது கேட்டது. "அதனாலதான் உங்ககிட்ட கேக்கறேன். உங்களுக்கு இப்ப கைப்பழக்கம் இருக்குமே. நகம் வெட்டணுமா?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். நகத்தை ஒட்ட வெட்டுவது, காலுறை, வெதுவெதுப்பான நீர், துடைக்காமல் ஒற்றுவது, பாலை ஆறவைத்துக் கரண்டியில் கொடுப்பது. அவர் ஒவ்வொன்றுக்கும் "சரிங்க, சரிங்க," என்று எழுதிக்கொண்டார். "ரொம்ப நன்றிங்க," என்று வேறு சொன்னார். அந்த நன்றி நாலு அறை அறைந்ததைவிட அதிகமாக வலித்தது. அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் பிரச்சினையே.

பெரிய மேடம் சொன்னபடி மூன்று வாரம் கழித்து அவள் உருண்டையைத் தூக்கிக்கொண்டு காப்பகத்துக்குப் போனாள். பக்கவாட்டுக் கதவில் புதிதாக ஒரு தாள் ஒட்டியிருந்தது: எல்லாக் குழந்தைகளும் முன்வாசல் வழியாக மட்டும். அவள் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வந்து வரிசையின் கடைசியில் நின்றாள். முன்னால் நின்ற ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்தவரின் முழங்கையைத் தட்டினார். சுங்கச்சாவடி என்றுகூட ஒருவரும் முணுமுணுக்கவில்லை. இப்போது அந்தப் பெயரைக் கேட்டால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

வரிசை நகர்ந்தது. அவள் கால் கட்டைவிரல் சிவப்புக் கோட்டைத் தொட்டது. இத்தனை வருடத்தில் அந்தக் கோட்டின் இந்தப் பக்கம் அவள் நின்றதில்லை. பெயிண்ட் அங்கங்கே உதிர்ந்திருந்தது உள்ளே இருந்து பார்க்கும்போது தெரிந்ததில்லை.

முக்காலியில் சிட்டு. இப்போது வயிறு கொஞ்சம் மேடிட்டிருந்தது. மறைக்காமல் தளர்ந்த சட்டை போட்டிருந்தாள். அம்மாவிடம் சொல்லியிருப்பாள். உருண்டை அவளைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு பாய்ந்தது.

சிட்டு சொல்வதற்கு முன்பே அவள் குழந்தையின் சட்டையைத் தூக்கிக் காட்டினாள். சிட்டு குழந்தையை வாங்கி மடியில் நிறுத்தினாள். வயிற்றைப் பார்த்தாள். திருப்பி முதுகைப் பார்த்தாள். அக்குள், உள்ளங்கை. டார்ச்சை அடித்து நாக்கு. காதை மடக்கிப் பின்னால். அவள் சொல்லிக்கொடுத்த அதே வரிசையில், ஒன்றுகூட விடாமல். பொருக்கெல்லாம் விழுந்து, அங்கங்கே வெளுத்த தழும்பு மட்டும் இருந்தது. ஒவ்வொரு தழும்பின் மேலும் சிட்டுவின் கட்டைவிரல் ஒரு கணம் நின்று நகர்ந்தது. உருண்டைக்குக் கூச்சம் தாங்காமல் சிரிப்பு. சிட்டுவும் அதைப் பார்த்துச் சிரித்தாள், அதன் நெற்றியில் முட்டினாள்.

பிறகு நிமிர்ந்தாள். நோட்டில் டிக் போட்டாள்.

"உள்ள போகலாம்," என்றாள்.

அவள் கோட்டைத் தாண்டி உள்ளே ஒரு காலை வைத்தாள்.

"வாங்கக்கா," என்றது பின்னால் சிட்டுவின் குரல்.

அவள் சட்டென்று திரும்பிவிட்டாள். "ம்?" என்றுகூட வாயில் வந்துவிட்டது.

வரிசையில் அடுத்து நின்ற யாரோ ஒரு பெண், குழந்தையின் சட்டைப் பட்டனைக் கழற்றிக்கொண்டே முன்னால் வந்தாள்.